விளக்குக்குத் தனி சுவிட்ச்

மஸ்கட்
13-2-1983

அன்புள்ள சுனந்தாவுக்கு,

தன்யகுமார் எழுதுவது. இங்கு நலம். நீயும் பாப்பாவும் அக்காவும் நலம்தானே. லீவு முடிந்து வந்து ஏழு வாரத்துக்கு மேல் ஆகிறது. கடையில் டி.வி. ரிப்பேர் வேலை ஜாஸ்தி. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு எட்டு ஆகிறது.

ஜூலையில் பாப்பா சந்தனாவுக்கு இரண்டு வயது முடிகிறது. அன்றைக்கு என்னால் வர முடியாது. அவளுக்கு ஒரு விளக்குப் பெட்டி செய்யலாம் என்று இருக்கிறேன். செய்யப்போவது நீ. படம் தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். கோதண்டராமன் ரேடியோ கடையில் கொடுத்தால் செய்து தருவார்தான், ஆனால் அடுத்த வருஷம் தருவார். லீவில் நான் ரேடியோவைப் பிரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் கேட்டவள் நீ. உன்னால் முடியும்.

விஷயம் இவ்வளவுதான். டேப் ரெக்கார்டரில் பாட்டு ஓடும். அந்தப் பாட்டு ஒரு கம்பி வழியாகப் பெட்டிக்குள் வரும். உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஆறு டார்ச் பல்பு. பாட்டு ஏறினால் பல்பு பிரகாசமாகும், இறங்கினால் மங்கும், நின்றால் அணையும். முன்பக்கம் பால் கண்ணாடி. அதன் பின்னால் கலர் கண்ணாடிக் காகிதம் ஒட்டு. கறுப்பு அட்டையில் யானை, மீன் என்று உனக்குப் பிடித்த உருவங்களை வெட்டி நடுவில் வை. பெட்டிக்கு டீத்தூள் வரும் மரப்பெட்டியின் பலகை போதும். லேசாக இருக்கும், ஆணி சுலபமாக இறங்கும். முதுகுப் பலகையில் சூடு போக எட்டுத் துளை போடு.

கரண்டுக்கு நான் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வந்த, பேட்டரிக்குப் பதிலாக மாட்டும் பெரிய எலிமினேட்டரை எடுத்துக்கொள். அதில் வருவது ஆறு வோல்ட்தான். பாப்பா தொட்டாலும் ஒன்றும் செய்யாது. சுவரில் இருக்கிற பிளக்கை மட்டும் அவளுக்கு எட்டாத இடத்தில் வை.

ஒன்று முக்கியம். விளக்கும் பாட்டும் ஒரே கம்பியில் சேர்ந்து வரும்படி வரைந்திருக்கிறேன். அப்படியே செய். எதையும் தனியாகப் பிரிக்க வேண்டாம்.

பற்றவைக்கும்போது ஈயப் புகையை மூக்கில் இழுக்காதே. ஒரு இடத்தில் மூன்று எண்ணுவதற்கு மேல் சூடு வைக்காதே. ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதே. ஒரு கம்பியைக் கழற்று, பார். திரும்ப மாட்டு, அடுத்ததைக் கழற்று. எங்கள் தொழிலில் மொத்த வித்தையும் அதுதான்.

அன்புடன்,
தன்யகுமார்


திருவண்ணாமலை
11-3-1983

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் போன மாதம் இருபத்தாறாம் தேதி வந்தது. மற்ற வீடுகளில் மஸ்கட் கடிதம் வந்தால் பெண்டாட்டி தனியாகப் போய்ப் படிப்பாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அண்ணிக்கு முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பல்பு, ஆணி, ஈயம். உங்கள் அக்கா கேட்டு முடித்துவிட்டு, “இதுக்கு எதுக்குடி கவரு ஒட்டி அனுப்பினான், கார்டுலயே எழுதியிருக்கலாமே” என்றார்.

சாமான் வாங்கத் திருவூடல் தெருவுக்குப் போனேன். கோதண்டராமன் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா, டிரான்சிஸ்டரு ரேடியோவா, வெறும் டிரான்சிஸ்டரா?”

“வெறும் டிரான்சிஸ்டர்தாங்க. எழுதியிருக்கற நம்பர்ல ரெண்டு.”

“வூட்டுக்காரரு வரலியா?”

“அவர் மஸ்கட்ல இருக்காரு. நான்தான் செய்யப்போறேன்.”

“பொம்பளைங்க வந்து இத்தக் கேக்கறது இதான் மொத தபா. கை சுட்டுக்கினா என்னைச் சொல்லக் கூடாது” என்றார். ஆனால் ஈயக் கம்பியில் ஒரு முழம் கூடவே கொடுத்தார்.

டீப்பெட்டிப் பலகையை அறுத்து ஆணி அடித்துவிட்டேன். ஒரு மூலை சரியாகச் சேரவில்லை. மாடி அறையில் குடியிருக்கும் ஜெர்மன்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, ரம்பத்தை வாங்கி அறுத்து நேராக்கிக் கொடுத்துவிட்டு ஆசிரமத்துக்குத் தியானத்துக்குப் போனார்.

இப்போது சந்தேகம். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால் என்று உங்கள் படத்தில் இருக்கிறது. கோதண்டராமன் கொடுத்தது தொப்பி மாதிரி கனமாக இருக்கிறது, அடியில் இரண்டு கால்தான். இரண்டிலும் அப்படியே. ஒடிந்ததைக் கொடுத்துவிட்டார் என்று திரும்ப எடுத்துப்போனேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். காரணம் மட்டும் சொல்லவில்லை. “வூட்டுக்காரருக்கே எழுதிக் கேளும்மா” என்றார்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். இன்னும் பேச்சு வரவில்லை. நான் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, உங்கள் பிடிவாதம். அண்ணி சொன்னால் மட்டும் கேட்கிறாள். அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் அண்ணி உபவாசத்தோடு மௌனமும் இருப்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கெல்லாம் கை அசைவிலேயே குழந்தையைக் கூப்பிடுகிறார், சாப்பிட வைக்கிறார், தூங்க வைக்கிறார். மற்ற நாளைவிட அந்த நாட்களில்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது. பேச்சைப் பற்றிக் கேட்டால், “நம்ம வூட்ல எல்லாமே லேட்டுதான். உன் புருஷன் மூணு வயசு முடிஞ்சப்புறம்தான் வாயத் தொறந்தான்” என்கிறார்.

அன்புடன்,
சுனந்தா


மஸ்கட்
27-3-1983

அன்புள்ள சுனந்தாவுக்கு,

மூன்றாவது கால் அந்த உலோகத் தொப்பியேதான். அதன் உடம்பில் திருகு வைத்துக் கம்பியை இணைக்க வேண்டும். நான் படத்தில் எழுதாதது என் தப்பு. தொப்பி சூடாகும், அதனால் ஒரு அலுமினியத் தகட்டில் பொருத்து. தகடு இரண்டு டிரான்சிஸ்டருக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

போளூர் வேணு அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு கேசட் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கம் நாதஸ்வரம். மறுபக்கம் நான் பேசியிருக்கிறேன். பாப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த அளவுக்குப் பாடியும் இருக்கிறேன். அறையில் கூட இருப்பவர்கள் வேலைக்குப் போன பிறகு பதிவு செய்தது. நடுவில் தண்ணீர் லாரி சத்தம் வரும்.

தன்யகுமார்


திருவண்ணாமலை
8-6-1983

அன்புள்ள மாமாவுக்கு,

பெட்டி வேலை செய்கிறது. மே மாதம் இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணிக்கு. இரண்டு முறை ஒன்றுமே எரியவில்லை. நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிப் பார்த்ததில் ஐந்தாவது இடத்தில் ஈயம் ஒட்டாமல் மேலே உருண்டு நின்றது தெரிந்தது. அதைச் சரி செய்ததும் ஆறு பல்பும் எரிந்தன. யானைக்குச் சிவப்பு, மீனுக்குப் பச்சை, தாமரைக்கு மஞ்சள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு உங்கள் குரல் இருக்கும் பக்கத்தைப் போட்டேன். நீங்கள் “சந்தனா” என்று கூப்பிட்டதும் யானை எரிந்தது. பாப்பா அப்படியே நின்றாள். பிறகு கைகொட்டிச் சிரித்தாள். நீங்கள் நிறுத்தினால் அவளும் நிறுத்துகிறாள். மறுபடி கூப்பிட்டால் மறுபடி சிரிப்பு. அப்பா குரல் தெரிகிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். தண்ணீர் லாரிக்கும் சிரித்தாள். அது வேறு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் இரண்டாம் தேதி சாயங்காலம் நல்ல மழை, இந்த வருஷத்தின் முதல் பெரிய மழை. பகலெல்லாம் கரண்ட் இல்லை. ஆறரைக்கு வந்தது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தாயிற்று. பாப்பா பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு என் புடவையை இழுத்தாள். நான் அண்ணியைப் பார்த்தேன். “போடு, கொழந்த பாக்கட்டும்” என்றார். முக்கால் மணி நேரம் ஓடியது.

காலையில் பார்த்தால் யானை தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பாதி உயரத்துக்கு ஈசல். சூட்டுக்காக நாம் போட்ட எட்டுத் துளை வழியாகத்தான் உள்ளே போயிருக்கின்றன. வெளியே வர வழி தெரியாமல் பல்பில் மோதிச் செத்திருக்கின்றன. முதுகுப் பலகையைக் கழற்றி, மயிலிறகால் தள்ளித் தாளில் கொட்டினேன். அண்ணி எண்ண ஆரம்பித்தார். நூற்று நாற்பத்து மூன்றில் நிறுத்திவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

“வெளக்கு வச்சா பூச்சி வந்து சாவும்னுதானே ஜைனங்க நாம பொழுதோட சாப்புடறோம். இத்தினி வருசமா இருந்துட்டு, என் வாயால நானே போடுன்னு சொன்னேன்டி” என்றார்.

இந்த மாதம் முழுவதும் தயிரும் மோரும் இல்லை என்று விரதம் எடுத்துக்கொண்டிருக்கிறார். வெறும் ரசம் சாதம் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

நான் இரண்டு காரியம் செய்தேன். துளைகளுக்குக் கொசுவலைத் துணி ஒட்டினேன். அது போதாது, கண்ணாடி வெளிச்சத்துக்கே வந்து விழும். அதனால் விளக்குக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்துவிட்டேன். உங்கள் படத்தில் இல்லாதது, நானே யோசித்துச் செய்தேன். பகலில் இரண்டும் ஓடும். பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டு மட்டும் போடலாம். அண்ணியும் சரி என்று சொல்லிவிட்டார். கோதண்டராமனிடம் சொன்னேன். “படிச்சவங்க செய்ற வேலம்மா இது” என்றார். உங்களிடமிருந்தும் அப்படி ஒரு வரி வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

சுனந்தா


மஸ்கட்
22-6-1983

சுனந்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்காவைத் தயிர் சாப்பிடச் சொல். தப்பு என்னுடையது, துளை போடச் சொன்னது நான்.

தனி சுவிட்ச் வைத்தது சரியில்லை. படத்தில் இருப்பதுபோல் செய் என்று எழுதியிருந்தேன். பல்பைத் துண்டித்தால் டிரான்சிஸ்டர் கெட்டுப்போகலாம். சுவிட்சை எடுத்துவிட்டு முன்போலவே இணைத்துவிடு. சாயங்காலம் பெட்டியைப் போடவே வேண்டாம். பகலில் போட்டால் போதும்.

வேறு விசேஷம் இல்லை.

தன்யகுமார்


திருவண்ணாமலை
16-7-1983

அன்புள்ள மாமாவுக்கு,

சுவிட்சை எடுக்கவில்லை. பல்பைத் துண்டித்தால் டிரான்சிஸ்டர் ஏன் கெடும் என்று எனக்குப் புரியவில்லை. கோதண்டராமனிடம் கேட்டேன், அவருக்கும் புரியவில்லை.

இதை நான் மெதுவாகத்தான் எழுத வேண்டும். உட்கார்ந்து படியுங்கள்.

போன சனிக்கிழமை பாப்பாவின் பிறந்தநாள். பகலில் பெட்டியைப் போட்டு விளையாடினாள். சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கு சுவிட்சை அணைத்துவிட்டு உங்கள் குரலை மட்டும் போட்டேன். அவள் பெட்டிக்கு முதுகு காட்டி, சாமான் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நீங்கள் “சந்தனா” என்றீர்கள். திரும்பவில்லை. பத்து முறைக்கு மேல் கூப்பிடுகிறீர்கள் அந்தக் கேசட்டில். ஒரு முறையும் திரும்பவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். மாடியிலிருந்து ஜெர்மன்காரர் எட்டிப் பார்த்தார். இவள் பார்க்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, நீங்கள் சொல்லிக்கொடுத்த முறையிலேயே செய்தேன். ஒன்றைக் கழற்று, பார். திரும்ப மாட்டு, அடுத்ததைக் கழற்று.

முதலில் விளக்கும் குரலும். சிரித்தாள். அடுத்து ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றினேன். சத்தமே இல்லை, விளக்கு மட்டும் உங்கள் பேச்சுக்கு ஏற்றபடி ஏறி இறங்கியது. அதே இடங்களில், அதே சிரிப்பு. ஒன்றுகூடக் குறையவில்லை. பிறகு ஸ்பீக்கரை மாட்டி விளக்கை அணைத்தேன். அவள் எழுந்து போய்விட்டாள். பெட்டி ஓய்ந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

நாலு நாள் இதையே செய்து பார்த்தேன். நாலு நாளும் அப்படியே. அவள் பின்னால் நின்று குக்கர் விசில் விட்டுப் பார்த்தேன். உரலில் உலக்கையைப் போட்டுப் பார்த்தேன். உலக்கைக்குத் திரும்பினாள். சந்தோஷப்பட்டுவிட்டேன். அப்புறம் கட்டிலின் மேல் உட்காரவைத்துப் போட்டேன். திரும்பவில்லை. தரை அதிர்ந்துதான் முதலில் திரும்பியிருக்கிறாள்.

ஒன்று மட்டும் புதிதாகக் கண்டுபிடித்தேன். விளக்கு இல்லாமல் நாதஸ்வரம் ஓடும்போது அவளைத் தூக்கி, கன்னத்தைப் பெட்டியின் பலகையில் வைத்தேன். வைத்ததும் என்னைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்தாள். கேசட்டில் அந்தப் பக்கம் முடியும் வரை அப்படியே இருந்தாள்.

பாப்பாவுக்குக் காது கேட்கவில்லை. நான் தாய், எழுதவே கை வரவில்லை, ஆனால் வேறு எப்படி எழுதுவது. வேலூருக்குக் கூட்டிப்போக வேண்டும். அண்ணி, “பிரமை புடிச்சிடுச்சாடி உனக்கு, நான் கூப்ட்டா ஓடி வர்றாளே” என்கிறார். அவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. கையை அசைக்காமல் கூப்பிடுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு ஒரு நாள் பேசவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அவர் கேட்பார்.

சுனந்தா


மஸ்கட்
1-8-1983

சுனந்தாவுக்கு,

பதற்றப்படாதே. நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். அது ஸ்பீக்கர் கோளாறு. மழைக்காலத்தில் காகிதக் கூம்பு ஈரம் பிடித்து ஊறிவிடும். சத்தம் வரும், ஆனால் குரல் தெளிவாக இருக்காது. உனக்கு என் குரல் பழக்கம், அதனால் புரிகிறது. குழந்தைக்குப் புரியாது. மேலும் அவள் விளக்கோடு பழகிவிட்டாள். விளக்கு எரிந்தால்தான் பெட்டி என்று நினைக்கிறாள். அதனால்தான் சுவிட்ச் வேண்டாம் என்று சொன்னேன்.

குக்கர் தினமும் கேட்கிற சத்தம். யாரும் திரும்ப மாட்டார்கள்.

நானும் மூன்று வயதில்தான் பேசினேன். அக்கா சொல்வதைக் கேள். புது ஸ்பீக்கர் அனுப்புகிறேன். வேலூருக்கு இப்போது போக வேண்டாம். நான் அடுத்த லீவில் வந்து பார்த்துக்கொள்கிறேன். வெளியில் யாரிடமும் இதைச் சொல்லாதே. பெண் குழந்தை.

தன்யகுமார்


திருவண்ணாமலை
3-9-1983

அன்புள்ள மாமாவுக்கு,

வேலூருக்குப் போய் வந்துவிட்டேன். நீங்கள் போக வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வந்த மறுநாளே புறப்பட்டேன். அண்ணியும் வந்தார். “ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லட்டும், அப்பதான் நீ அடங்குவ” என்று சொல்லித்தான் பஸ் ஏறினார்.

சத்தம் வெளியிலிருந்து வராத ஒரு அறையில் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பார்த்தார்கள். மறுநாளும் வரச் சொன்னார்கள். இரண்டு காதும். கனமான சத்தம் கொஞ்சம் எட்டுகிறது, பேச்சு எட்டாது. பிறவியிலிருந்தே இருக்கலாம் என்றார்கள். சொந்தத்தில் கல்யாணமா என்று டாக்டர் கேட்டார். என் கணவருக்கு அத்தை மகள்தான் நான் என்றேன். எழுதிக்கொண்டார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, படம் வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன்.

அவர் சொன்னது இது. மூன்று வயதுக்குள் ஆரம்பித்தால் இவளைப் பேச வைக்க முடியும். காதில் கருவி மாட்ட வேண்டும். மெட்ராஸில் ஒரு பள்ளி இருக்கிறது, தாயும் கூடவே இருந்து படிக்க வேண்டும், இரண்டு வருஷம். ஜனவரியில் சேர்க்கிறார்கள். அதை விட்டால் அடுத்த ஜனவரி. அதற்குள் இவளுக்கு மூன்றரை ஆகிவிடும். வீட்டில் சைகை காட்டக் கூடாது, முகத்துக்கு எதிரே உட்கார்ந்து வாயால் பேச வேண்டும் என்றும் சொன்னார். அப்போது அண்ணி என் பக்கத்தில்தான் இருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது கண்ணமங்கலம் வரை தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், “அப்போ அவ கேட்டு வரலியாடி, என் கையப் பாத்துத்தான் வந்தாளா” என்றார்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று அஷ்டமி. அண்ணி உபவாசம் இருந்தார். மௌனம் இருக்கவில்லை. காலை ஆறு மணியிலிருந்து பாப்பாவின் எதிரே உட்கார்ந்து, பால், தட்டு, பூனை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினெட்டு வருஷமாக வைத்திருந்த விரதம்.

பள்ளியின் விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். ‘குழந்தையின் குறை’ என்ற கட்டத்தை மட்டும் விட்டிருக்கிறேன். அதை நீங்கள்தான் எழுத வேண்டும். நவம்பர் முடிவதற்குள் என் கைக்கு வர வேண்டும்.

சுனந்தா


திருவண்ணாமலை
12-10-1983

மாமாவுக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. பதில் இல்லை. புது ஸ்பீக்கர் மட்டும் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியைத் திறக்கவில்லை, பழையதே நன்றாக இருக்கிறது.

நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் தகப்பன் வெளிநாட்டில் என்று எழுதி நானே கொண்டுபோவேன். சேர்ப்பார்களா தெரியாது. வாசலில் நின்றாவது கேட்பேன்.

சுனந்தா


மஸ்கட்
24-10-1983

அன்புள்ள சுனந்தாவுக்கு,

விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. அந்தக் கட்டத்தில், ‘பிறவியிலிருந்து இரண்டு காதும் கேட்காது’ என்று எழுதியிருக்கிறேன். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இதை உனக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். போன தீபத்துக்கு லீவில் வந்து, திரும்பப் புறப்படுவதற்கு முந்தின நாள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நீ துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாய். பாப்பா கட்டிலில் உட்கார்ந்து என் கைக்குட்டையைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கிட்டப் போய்க் கூப்பிட்டேன். பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். உள்ளேயிருந்து அக்கா, “இன்னாடா ஒடைக்கிற” என்றாள். பாப்பா கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை தட்டை எடுத்தேன். போடவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நீ இறங்கி வந்தாய். உன்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். பஸ்ஸில் நீ பெட்டியை எண்ணிக்கொண்டு வந்தாய். சொல்லவில்லை.

இங்கே வந்து அந்தப் பெட்டியை வரைந்தேன். குழந்தைக்குப் பரிசு என்று உனக்கு எழுதினேன், எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். விளக்கும் பாட்டும் ஒரே கம்பியில் வரும்படி வரைந்தேன். அவள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீ, அப்பா குரல் தெரிகிறது என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை அறையில் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டினேன். தினமும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கோளாறு பார்க்கிறவன் நான். என் வீட்டில் மட்டும் கழற்ற முடியாதபடி செய்துவைத்தேன். நீ சுவிட்ச் வைத்தாய்.

டிரான்சிஸ்டர் கெடும் என்று எழுதியது பொய். ஸ்பீக்கர் ஈரம் என்பதும்.

மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

நவம்பர் கடைசியில் வேணு வருகிறான். அவனிடம் ஒரு சின்ன மைக்கும், அதன் சத்தத்தைப் பெருக்கும் சர்க்யூட் பலகையும் கொடுத்திருக்கிறேன். படத்தில் இந்தத் தடவை எதையும் விடவில்லை. டேப் ரெக்கார்டர் கம்பியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டு. மைக்கின் முன்னால் யார் சத்தம் போட்டாலும் பெட்டி எரியும். அவள் போட்டாலும் எரியும். ஸ்பீக்கரைக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் கீச்சிடும்.

ஜனவரி பத்தாம் தேதி மெட்ராஸ் வந்து சேர்கிறேன். பதினைந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது.

தன்யகுமார்


திருவண்ணாமலை
11-12-1983

அன்புள்ள மாமாவுக்கு,

போன திங்கட்கிழமை விண்ணப்பத்தைப் பள்ளியில் நேரில் கொடுத்தேன். சேர்த்துக்கொண்டார்கள். ஜனவரி நான்கிலிருந்து வகுப்பு. பள்ளிக்குப் பின்தெருவில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். குழாய் வெளியில், மற்றபடி பரவாயில்லை. அண்ணியும் கூட வருகிறார். விலாசம் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்கு வந்த கடிதங்களில் இதுதான் நான் மறைத்த முதல் கடிதம். போன வருஷத் தீபத்திலிருந்து ஜூலை வரை ஏழு மாதம். டாக்டர் எல்லாவற்றையும் மாதக் கணக்கில்தான் சொல்கிறார், அதனால் நானும் அப்படித்தான் எண்ணுகிறேன். நீங்கள் பயந்தது எனக்குப் புரிகிறது. அந்த ஏழு மாதமும் நான் அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கூப்பிட்டு வரவில்லை என்று முதுகில் அடித்திருக்கிறேன். அதை உங்களால் திருப்பித் தர முடியாது. மன்னிப்பைப் பற்றி நேரில் பேசலாம். இந்தக் கடிதத்தில் அது இல்லை.

மைக்கை மாட்டிவிட்டேன். முதல் தடவையே வேலை செய்தது. மத்தியானம் ஜன்னலைச் சாத்தி அவள் முன்னால் வைத்தேன். அவளாகவே எப்போதும்போல் ஒரு சத்தம் போட்டாள். யானை எரிந்தது. யார் போட்டது என்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையை விரித்துக் காட்டினேன், நான் இல்லை என்று. சைகை காட்டக் கூடாது, காட்டிவிட்டேன். பிறகு அண்ணியைப் பார்த்தாள். அவரும் இல்லை. வெகு நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சத்தம் போட்டாள். எரிந்தது. அன்று ஐந்தரை மணிக்கு நான் அணைக்கும் வரை கத்திக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டிவிட்டது. மாடி ஜெர்மன்காரர் இறங்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் தியானத்துக்குப் போகவில்லை.

நீங்கள் வரும்போது சில விஷயம். தெருவிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருவீர்கள். வேண்டாம். பின்னாலிருந்து வந்து தூக்காதீர்கள், பயந்துவிடுவாள். எதிரே போய்த் தரையில் உட்காருங்கள். ஜன்னல் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். அவள் உங்களைப் பார்த்த பிறகு ‘அப்பா’ என்று சொல்லுங்கள். கத்த வேண்டாம். உதடு சேர்ந்து பிரிவது தெரிந்தால் போதும். அவள் பார்த்து முடிக்கும் வரை எழுந்திருக்காதீர்கள்.

பள்ளியில் தகப்பனார் போட்டோ கேட்டார்கள், அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க. நம் கல்யாணப் போட்டோவைக் கொடுத்தேன். டீச்சர் பார்த்துவிட்டு, “இவரு வாய் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார்.

மீசையை எடுத்துவிட்டு வாருங்கள்.

சுனந்தா